ஒரே நாவல்.. 60 ஆண்டு சண்டை! அமெரிக்க வகுப்பறைகளில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' ஏன் இன்னும் சர்ச்சை?

ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் ஒரு நாவலைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். ஆளுக்கு ஒரு பத்தி. நான்காவதாக எழுந்த மாணவர் வாசிக்கும் பத்தியில், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல் வருகிறது. அவர் தயங்குகிறார். மொத்த வகுப்பும் ஒரு நொடி அமைதியாகிறது. பிறகு எல்லார் கண்ணும், அந்த வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவர் பக்கம் திரும்புகிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் எந்த நாவலைப் பாடமாக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று நடக்கும் சண்டைகளில் பல கடைசியில் வந்து நிற்பது இந்த ஒரு நொடியில்தான். அதிகம் அடிபடும் பெயர், ஹார்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'.

இனவெறிக்கு எதிராக எழுதப்பட்ட நாவல் இது. அப்படியிருக்க, இனவெறியால் பாதிக்கப்பட்டவர்களே இதை ஏன் எதிர்க்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன?

1960 ஜூலையில் வெளியான நாவல். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. 1962-ல் படமாக வந்து, அட்டிகஸ் ஃபின்ச் என்ற வழக்கறிஞராக நடித்த கிரகரி பெக்குக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. இதுவரை உலகம் முழுக்க 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன.

கதை நடப்பது 1930-களில், அலபாமா மாநிலத்தில் உள்ள மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். கதையைச் சொல்பவள் ஸ்கவுட். கதை தொடங்கும்போது அவளுக்குச் சுமார் 6 வயது. அவளுடைய அப்பாதான் அட்டிகஸ்.

டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது, ஒரு வெள்ளையினப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் பொய்ப் புகார். டாமுக்காக அட்டிகஸ் வாதாடுகிறார். அந்தப் பெண்ணின் முகத்தில் வலது பக்கம்தான் காயம். அடித்தவர் இடது கைப் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். டாமுக்கோ சிறு வயதில் பருத்தி அரைவை இயந்திரத்தில் சிக்கியதால் இடது கையே செயல்படாது. ஆக, அவர் நிரபராதி என்பது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, 'குற்றவாளி' என்றே சொல்கிறது. பிறகு தப்பிக்க முயன்றதாகச் சொல்லி, சிறைக் காவலர்கள் டாமைச் சுட்டுக் கொல்கிறார்கள். அவர் உடம்பில் 17 குண்டுகள்.

இது வெறும் கற்பனை அல்ல. 1931-ல் இதே அலபாமாவில், 9 கறுப்பின இளைஞர்கள் மீது பொய்யான பாலியல் புகார் சுமத்தப்பட்ட 'ஸ்காட்ஸ்பரோ' வழக்கு நாட்டையே உலுக்கியது. ஹார்பர் லீ பிறந்ததும் அலபாமாதான், மன்ரோவில் என்ற சிறிய ஊர். அவருடைய அப்பாவும் வழக்கறிஞர்தான்.

எல்லாப் பள்ளியிலும் இதே நாவல் ஏன்?

நம்ம ஊரில் மாநிலம் முழுக்க ஒரே பாடநூல். ஆனால் அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. மாணவர் எந்த வகுப்பில் என்ன திறன் பெற வேண்டும் என்பதை மாநிலம் சொல்லும். அதற்கு எந்தப் புத்தகம் என்பதைப் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி மாவட்டம் முடிவு செய்யும். அப்படிச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு.

இத்தனை பேர் தனித்தனியாக முடிவெடுத்தும், 9, 10-ம் வகுப்புப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான்: மாக்கிங்பேர்ட், 'தி கிரேட் கேட்ஸ்பி', 'ஆஃப் மைஸ் அண்ட் மென்', 'ஹக்கிள்பெரி ஃபின்'. இதற்கு இலக்கியத் தரம் மட்டும் காரணம் இல்லை. ஒரு நாவலைப் பாடமாக வைத்தால், பள்ளியே மொத்தமாகப் பிரதிகள் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும். ஆசிரியரிடம் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த கேள்வித்தாளும் பாடக்குறிப்பும் இருக்கும். புதிய நாவல் என்றால் மறுபடியும் செலவு, மறுபடியும் உழைப்பு, வாரியத்தின் அனுமதி வேறு. அதனால் ஒருமுறை உள்ளே வந்த புத்தகம் லேசில் வெளியே போகாது.

மாக்கிங்பேர்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சிறுமி சொல்லும் கதை என்பதால் மொழி எளிது. நீதிமன்றக் காட்சி விறுவிறுப்பாகப் போகும். மொத்தம் 31 அத்தியாயங்கள், சில வாரங்களில் முடித்துவிடலாம். 2010-ல் பல மாநிலங்கள் ஏற்ற 'காமன் கோர்' கல்வித் தர ஆவணத்திலும், 9, 10-ம் வகுப்புக்கான மாதிரி நூல்களில் ஒன்றாக இது இடம்பெற்றது.

வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள்?

நாவலை மனப்பாடம் செய்து எழுதும் முறை அங்கே இல்லை. இரவு வீட்டில் இரண்டு அத்தியாயம் படித்துவர வேண்டும். மறுநாள் ஒரு சின்ன க்விஸ். அதன்பிறகு விவாதம். கடைசியில் கட்டுரை: 'அட்டிகஸ் தோற்றாரா, ஜெயித்தாரா?' மாதிரி ஒரு கேள்வி. பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நாவலிலிருந்தே வரிகளை எடுத்துக்காட்டி அதை நிறுவ வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 'பதில் புத்தகத்தில் இல்லையாம், நானே யோசிக்கணுமாம்' என்று பிள்ளை சொல்லும்போது, இங்கே படித்து வளர்ந்த பெற்றோருக்கு இந்த முறை புதிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

1966. வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவர் கவுண்டி பள்ளி வாரியம், இந்த நாவல் 'ஒழுக்கக்கேடானது' என்று சொல்லி நீக்க முடிவெடுத்தது. கதையில் வரும் பாலியல் வன்கொடுமைப் புகார்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. தென் மாநிலங்களில் வெள்ளையர், கறுப்பினத்தவர் பள்ளிகளை ஒன்றாக்கும் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொதுவாக எதற்கும் பதில் சொல்லாத ஹார்பர் லீ, இந்த முறை ரிச்மண்ட் நகர நாளிதழுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அந்தப் பத்திரிகை நடத்திவந்த நிதிக்குச் சிறு தொகையும் வைத்து, இதைக் கொண்டு வாரிய உறுப்பினர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று நக்கலடித்திருந்தார்.

அப்போது எதிர்த்தவர்கள், சமூகம் மாறக் கூடாது என்று நினைத்தவர்கள். ஆதரித்தவர்கள், மாற வேண்டும் என்றவர்கள். கணக்கு நேராக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இப்போது எதிர்ப்பவர்கள் யார்?

அமெரிக்க நூலகச் சங்கம், அதிக எதிர்ப்பைச் சந்தித்த 10 புத்தகங்களை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது. 2009, 2011, 2017, 2020 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களில் மாக்கிங்பேர்ட் இருந்தது. சமீப கால நிகழ்வுகள் சில:

2016, அக்கோமாக் கவுண்டி, வர்ஜீனியா: ஒரு மாணவரின் தாய் வாரியக் கூட்டத்தில் பேசினார். இழிசொல் நிறைந்த பக்கத்தை வாசிக்க முடியாமல் தன் மகன் தவித்ததாகச் சொன்னார். மாக்கிங்பேர்டும் ஹக்கிள்பெரி ஃபின்னும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. சில நாட்களில் மீண்டும் சேர்க்கப்பட்டன.

2017, பிலாக்ஸி, மிசிசிப்பி: 8-ம் வகுப்புப் பாடத்திலிருந்து மாக்கிங்பேர்ட் நீக்கப்பட்டது. நாவலின் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்பதே விளக்கம். நாடு முழுக்க விமர்சனம் எழுந்ததும், பெற்றோர் சம்மதத்துடன் படிக்கலாம் என்று இறங்கிவந்தார்கள்.

2018, டுலூத், மினசோட்டா: இரண்டு நாவல்களும் கட்டாயப் பட்டியலிலிருந்து வெளியேறின. நூலகத்தில் இருக்கும், வகுப்பில் கட்டாயம் இல்லை.

2020, பர்பேங்க், கலிஃபோர்னியா: பெற்றோர் சிலரின் புகாரை அடுத்து 5 நாவல்கள் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அதில் ஒன்று, கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதியது.

2022, மக்கில்டியோ, வாஷிங்டன்: இங்கே நீக்கச் சொல்லிக் கேட்டது ஆசிரியர்களே. 9-ம் வகுப்புக் கட்டாயப் பட்டியலிலிருந்து மாக்கிங்பேர்ட் எடுக்கப்பட்டது. விரும்பும் ஆசிரியர் நடத்திக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். 'இனவெறியைப் பற்றிப் பேசாதே' என்பவர்களும் இந்த நாவலை எதிர்க்கிறார்கள். 'இனவெறியைப் பேச இதைவிட நல்ல புத்தகம் இருக்கிறது' என்பவர்களும் எதிர்க்கிறார்கள். இரண்டு தரப்பும் நீக்கச் சொல்வது ஒரே புத்தகத்தைத்தான். காரணம்தான் நேர் எதிர்.

அந்த ஒரு சொல்

மாக்கிங்பேர்டில் அந்த இழிசொல் ஏறத்தாழ 50 இடங்களில் வருகிறது. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னில் 200 தடவைக்கு மேல். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது நம் ஊரில் எவ்வளவு காயப்படுத்துமோ, அதே அளவு காயம் தரும் சொல் அது.

எழுத்தாளர் அந்தச் சொல்லை ஆதரித்து எழுதவில்லை. அப்படிப் பேசும் சமூகத்தைக் காட்டத்தான் எழுதினார். உண்மைதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பிள்ளையின் காதில் விழுவது அந்தச் சொல்தானே?

2011-ல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம், ஹக்கிள்பெரி ஃபின்னில் அந்த இடங்களிலெல்லாம் 'அடிமை' என்று மாற்றிப் பதிப்பித்தது. ஆசிரியர்கள் தயங்காமல் நடத்தலாம் என்பது அவர்கள் வாதம். வரலாற்றையே கழுவித் துடைக்கிறார்கள் என்று கடும் எதிர்ப்பு வந்தது. இன்று பல ஆசிரியர்கள் இடைவழி ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். புத்தகத்தில் சொல் இருக்கும், ஆனால் வாயால் வாசிக்க மாட்டார்கள். ஏன் வாசிப்பதில்லை என்பதை முதல் நாளே பேசிவிடுவார்கள்.

அட்டிகஸ் ஹீரோவா?

சொல்லைத் தாண்டியும் ஒரு விமர்சனம் இருக்கிறது. கதையில் அநியாயம் நடப்பது டாமுக்கு. உயிர் போவதும் டாமுக்கு. ஆனால் நம் மனதில் நிற்பது அட்டிகஸ். டாமின் மனைவி ஹெலன் என்ன நினைத்தார்? வீட்டு வேலை செய்யும் கல்பூர்னியா அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தன் வீட்டில் என்ன பேசியிருப்பார்? நாவல் அங்கே போவதே இல்லை.

2009-ல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல், 'நியூயார்க்கர்' இதழில் இதை ஒட்டி ஒரு கட்டுரை எழுதினார். அட்டிகஸ் மனிதர்களின் மனம் மாற வேண்டும் என்று பார்க்கிறாரே தவிர, சட்டமும் அமைப்பும் மாற வேண்டும் என்று போராடவில்லை என்பது அவர் வாதம்.

2015-ல் இன்னொரு அதிர்ச்சி. மாக்கிங்பேர்டுக்கு முன்பே ஹார்பர் லீ எழுதிவைத்திருந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளியானது. அதில் வயதான அட்டிகஸ், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தருவதை எதிர்க்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அட்டிகஸ் என்று குழந்தைக்குப் பெயர் வைத்த பெற்றோர்கள் பலர் ஆடிப்போனார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இன்று வெள்ளையின மாணவர்கள் பாதிக்கும் குறைவு. ஆசிரியர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வெள்ளையர்கள். வெள்ளையின ஆசிரியர், வெள்ளையின எழுத்தாளர் எழுதிய, வெள்ளையின வழக்கறிஞரைக் கொண்டாடும் கதை வழியாக, கறுப்பின மாணவருக்கு இனவெறி என்றால் என்ன என்று பாடம் நடத்தும் நிலை. அந்த மாணவருக்கு அது வீட்டிலேயே தெரிந்த விஷயமாக இருக்கலாம்.

'தடை' என்றால் உண்மையில் என்ன?

செய்திகளில் எல்லாவற்றையும் 'தடை' என்றுதான் போடுகிறார்கள். ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கட்டாயப் பாடத்திலிருந்து எடுப்பது. விரும்பினால் படிக்கலாம். இரண்டு, வகுப்பில் நடத்தவே கூடாது என்பது. மூன்று, நூலகத்திலிருந்தே அகற்றுவது. மேலே பார்த்த டுலூத், மக்கில்டியோ எல்லாம் முதல் வகை.

2022-ல் ஃபுளோரிடாவில் 'தடை செய்யப்பட்ட புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் சமூக வலைதளங்களில் வைரலானது. மாக்கிங்பேர்டும் அதில் இருந்தது. பிரபலங்களே பகிர்ந்தார்கள். ஆனால் அது போலியான பட்டியல். உண்மையில் அந்த மாநிலத்தின் பரிந்துரைப் பட்டியலிலேயே மாக்கிங்பேர்ட் இருந்தது. ஃபுளோரிடாவில் வேறு பல புத்தகங்கள் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வைரல் பட்டியல் உண்மை இல்லை.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

1982-ல் 'ஐலண்ட் ட்ரீஸ் எதிர் பிகோ' வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நியூயார்க் மாநிலத்தில் பள்ளி மாணவர்களே தொடுத்த வழக்கு. ஒரு புத்தகத்தின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டுமே பள்ளி நூலகத்திலிருந்து அதை நீக்க முடியாது என்ற நிலைப்பாட்டில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிபதிகளிடையே ஒருமித்த பெரும்பான்மைக் கருத்து இல்லை. வகுப்புப் பாடத்துக்கும் அது பொருந்தாது.

வகுப்புப் பாடம் பற்றிய முக்கியமான வழக்கு 1998-ல் வந்தது. அரிசோனாவில் ஒரு தாய், தன் மகளுக்கு ஹக்கிள்பெரி ஃபின்னைக் கட்டாயமாக்கியது பாகுபாடு என்று வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒரு நாவலைப் பாடமாக வைத்ததற்காகவே பள்ளி மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் சக மாணவர்கள் அந்தச் சொல்லை வைத்துக் கேலி செய்வது தெரிந்தும் பள்ளி வேடிக்கை பார்த்தால், அதற்குப் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும்.

அதாவது, புத்தகம் இருக்கலாம். ஆனால் வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

அதே ஊரில் நடந்த நிஜக் கதை

இந்த விவாதத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. ஹார்பர் லீயின் மன்ரோவில், இந்த நாவலால் சுற்றுலாத் தலமாகவே மாறிய ஊர். பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். படத்தில் வரும் நீதிமன்ற செட், அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் போடப்பட்டது. நாவலை நாடகமாகவும் அங்கே நடத்தினார்கள்.

அதே ஊரில் 1986-ல் ஓர் இளம் வெள்ளையினப் பெண் கொல்லப்பட்டார். வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில்தான் இருந்தார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். வழக்கு, கறுப்பினத்தவர் குறைவாக வாழும் பக்கத்து கவுண்டிக்கு மாற்றப்பட்டது. விசாரணை இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. ஜூரி ஆயுள் தண்டனை என்று பரிந்துரைத்தும், நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். விசாரணைக்கு முன்பிருந்தே அவரை மரண தண்டனைக் கைதிகள் பிரிவில்தான் அடைத்துவைத்திருந்தார்கள்.

வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி, பொய்ச் சாட்சிகளை உடைத்தார். 1993-ல் மெக்மில்லியன் விடுதலையானார். அதற்குள் சுமார் 6 வருடங்கள் போய்விட்டன. ஸ்டீவன்சன் 2014-ல் எழுதிய 'ஜஸ்ட் மெர்சி' புத்தகம் இந்த வழக்கைத்தான் சொல்கிறது. 2019-ல் படமாகவும் வந்தது.

டாம் ராபின்சனுக்காகக் கண்ணீர் விட்ட அதே ஊரில், அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு நிரபராதிக்கு மரண தண்டனை. நாவலைப் படிப்பதும், அது சொல்வதைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

அப்படின்னா, என்ன வழி?

'நீக்கு', 'நீக்காதே' இரண்டுக்கும் நடுவில் ஆசிரியர்கள் சிலர் வேறொன்று செய்கிறார்கள். மாக்கிங்பேர்டைத் தனியாக நடத்தாமல், இன்னொரு புத்தகத்தோடு சேர்த்து நடத்துகிறார்கள். 'ஜஸ்ட் மெர்சி', கறுப்பினச் சிறுமியின் பார்வையில் அதே 1930-களைச் சொல்லும் மில்ட்ரெட் டி. டெய்லரின் நாவல், ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' போன்றவை இப்படி வகுப்புக்குள் வருகின்றன. அட்டிகஸை ஹீரோவாக ஏற்றுக்கொள் என்று சொல்லாமல், ஹீரோவா இல்லையா என்று வாதாடு என்கிறார்கள். அப்போது நாவலின் குறையே பாடமாகிவிடுகிறது.

ஆனால் இது ஒன்றும் எளிது இல்லை. இரண்டு புத்தகத்துக்கு நேரம் வேண்டும், பணம் வேண்டும். இனம் பற்றி வகுப்பில் எதைப் பேசலாம் என்று சில மாநிலங்கள் சட்டமே போட்டிருக்கும் நேரத்தில், ஆசிரியருக்குத் துணிச்சலும் வேண்டும். இது எதுவும் இல்லாத இடத்தில், பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நாவலை வாசித்துக்கொண்டே போனால், மிச்சமாவது அந்த ஒரு நொடி மட்டும்தான்.

கடைசியாக, அந்த வகுப்பறைக்கே திரும்புவோம். எல்லாரும் திரும்பிப் பார்த்த அந்த மாணவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? புத்தகம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். நாவலில் டாம் ராபின்சனுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது சாட்சிக் கூண்டில் மட்டும்தான். அப்போதும் அவர் சொன்னதை ஜூரி ஏற்கவில்லை. குறைந்தபட்சம் வகுப்பறையிலாவது அது மாற வேண்டாமா?